கயலுக்கு அத்தை எழுதுவது

என் கண்ணு கயல்,

போனில் உன்னோடு ஐந்து நிமிஷம் பேச முடியவில்லை. அதற்குள் வாசலில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இதையாவது சாப்பிட்டுக்கொண்டே படி. ராத்திரி பத்து மணிக்குத்தான் தட்டை எடுக்கிறாய் என்று உன் அம்மா வருத்தப்பட்டாள். கவுன்சிலரானால் வயிறு பசிக்காமல் போய்விடுமாடி?

"ஒருநாள் சட்டசபைக்கும் போவேன் பாருங்க அத்தை" என்றாயே, அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சந்தோஷம் பாதி, கவலை பாதி. ஆறு வயசில் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கடலைமிட்டாயைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, உன் பங்குக்குத் தூள்தான் மிஞ்சியது என்று அழுதுகொண்டே வந்தவள் நீ. பங்கு போடுகிற கை உனக்கு அப்போதே இருந்தது. அழுகையைத்தான் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நான் கிராம சுகாதார நர்ஸாக இருந்த காலமெல்லாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு எத்தனை விண்ணப்பம் நிரப்பியிருப்பேன் என்று கணக்கே இல்லை. 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, பிறகு 18,000. தொகை ஏற ஏற விண்ணப்பம் மாறியது. மேலே இருந்த பெயர் மாறவில்லை. அந்த அம்மா 1886இல் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர் என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். தெரிந்த அன்று வெட்கமாகிவிட்டது.

பையன்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்கக் கூடாது என்று ஊர் எதிர்த்தது. மன்னர் அனுமதி கொடுத்தார். 1912இல் சென்னையில் டாக்டராகி வெளியே வந்தார். 1926 கடைசியில் சென்னைச் சட்டசபைக்கு வரச் சொன்னபோது, வைத்தியம் பார்ப்பது கெட்டுப்போகுமே என்று தயங்கியிருக்கிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அந்தத் தயக்கத்தினால்தான். நாற்காலியைத் தேடி அவர் போகவில்லை. போனபின் சும்மாவும் உட்காரவில்லை. 1927இல் அந்த அவைக்கே துணைத் தலைவரானார்.

அவர் வேலை செய்த விதத்தைப் பார், கயல். பெண்பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று கிளம்பினார். அவருடைய தாயாரே அந்த வழக்கம் இருந்த சமூகத்தில் பிறந்தவர். அதனால் அந்தப் பெண்களை எது கட்டிப்போட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கோயில் ஊழியத்தை விட்டால் மானிய நிலம் போய்விடும். நிலம் போனால் சோறு போய்விடும். 1929இல் கொண்டுவந்த சட்டத்தில், ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே என்று ஆக்கினார். முதலில் சோற்றுக்கு வழி, அப்புறம்தான் தடை. பொட்டுக்கட்டுத் தடை மசோதாவையும் அவரே கொண்டுவந்தார். ஆனால் 1930இல் காந்தியைக் கைது செய்தார்கள் என்று பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டார். அந்த மசோதா சட்டமானது 1947இல். பதினேழு வருஷம்! அவையில் இல்லாமலேயே அதன் பின்னால் நடந்திருக்கிறார்.

அந்தச் சமூகத்துப் பெண்பிள்ளைகள் சிலர் தங்க இடமில்லாமல் அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். விடுதிகளில் சேர்க்க மறுத்தார்கள். தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம். தங்கை புற்றுநோயில் போன துக்கம், 1954இல் அடையாற்றில் 12 படுக்கையோடு ஆஸ்பத்திரியாக எழுந்து நின்றது. வாசலுக்கு வந்தவளையும் வீட்டில் செத்தவளையும் மறக்காத மனுஷி.

உனக்கு மறதி ஜாஸ்தி. அதனால்தான் சொல்கிறேன், ஒரு நீள நோட்டு வாங்கு. போனில் குறித்துக்கொள்கிறேன் என்று சொல்லாதே. உன் போன் எத்தனை தடவை தண்ணீரில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். வந்தவர் பெயர், தெரு, தேதி, என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், எல்லாவற்றையும் எழுது. என்னிடம் ஒரு பெண் வந்தாள். குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகியும் மகப்பேறு உதவிப் பணம் வரவில்லை. பாஸ்புத்தகத்தில் அப்பா இனிஷியல், ஆதாரில் புருஷன் இனிஷியல். ஒரு வங்கியில் அவளை நாலு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் தடவை நான் நோட்டோடு கூடப் போனேன். எந்தத் தேதியில் வந்தாள், யார் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று வாசித்துக் காட்டினேன். அரை மணியில் வேலை முடிந்தது. அதே தகராறு எத்தனை பேருக்கு என்று பக்கத்தைப் புரட்டினேன், பதினோரு பெயர். அப்புறம் கர்ப்பம் பதியும்போதே இனிஷியலைப் பார்க்க ஆரம்பித்தேன். சட்டசபையில் நீ எழுந்து நின்று பேசப்போவதும் இப்படிப்பட்ட ஒரு பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

இன்னொன்று. உன் நாற்காலியில் நீயே உட்கார். மாப்பிள்ளை நல்லவர்தான், எனக்கும் பிரியம்தான். ஆனாலும் உன்னைத் தேடி வந்தவர்களுக்கு அவர் பதில் சொல்ல விடாதே. படிக்காமல் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. முடியாததை முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிடு. "பார்க்கலாம்" என்ற சொல்லை நம்பி ஒரு கிழவி மூன்று மாதம் நடப்பாள்.

வடக்குத் தெருப் பாட்டி ஓய்வூதியத்துக்கு வந்தார், பார்க்கலாம் என்றேன் என்று போன வாரம் நீதான் சொன்னாய். நாளைக் காலையில், கூட்டத்துக்குக் கிளம்புமுன், அவர் வீட்டுக்குப் போய்வா. ஆதார் அட்டையை வாங்கிப் பார். நோட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுது. ஆடிப் பெருக்குக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவந்து அத்தையிடம் காட்டு.

உன் அத்தை