புட்டு மாவுப் பதம்

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மூக்கடைப்புக்காகக் குளியலறையில் நுரைக்க விடுகிற ஷவர் மாத்திரைகள் ஆறு, ராத்திரி அச்சில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தவை, விடிவதற்குள் அச்சை மீறிப் பொங்கி, உச்சி வெடித்து, மழைக்காலத்துக் காளான் மாதிரி நிற்கின்றன. "எங்கே தப்புப் பண்ணினேன் மேடம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நவம்பர் மாதம், தாம்பரம், வெளியே விடாத மழை. பாதித் தப்பு அதிலேயே இருக்கிறது. நீங்கள் பார்த்துச் செய்த வீடியோவில் வரும் பெண்மணி, அப்பளம் நாலு நாள் வெளியே கிடந்தாலும் நமத்துப் போகாத ஊரில் இருக்கிறார். அவர் சொல்கிற அளவுத் தண்ணீர் நமக்கு ஒத்துவராது.

நான் சிரித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு முதல்முறை இந்த மாத்திரையைச் செய்தபோது, செடிக்குத் தெளிக்கிற பாட்டிலை எடுத்து மாவின்மேல் நாலு தடவை அடித்தேன். பேசின் முழுக்க நுரை. வேலைக்கு வரும் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "துணிக்கு ஊறவெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நடப்பது இவ்வளவுதான். ஆப்ப சோடாவும் சிட்ரிக் அமிலமும் உலர்ந்திருக்கும்வரை ஒன்றை ஒன்று ஏறெடுத்தும் பார்க்காது. ஒரே டப்பாவில் மாதக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் என்ற தரகர் நடுவில் வந்தால்தான் சம்பந்தம் கூடும். அமிலம் கரையும், சோடாவைத் தொடும், கார்பன் டை ஆக்சைடு நுரைத்துக்கொண்டு கிளம்பும். வாயு உப்புசத்துக்கு ஈனோ கரைக்கிறோமே, அதே சங்கதி. சென்னையின் ஐப்பசி கார்த்திகையில் அந்தத் தரகரைக் கூப்பிட வேண்டியதே இல்லை, காற்றிலேயே இருப்பார். இரவெல்லாம் மெல்ல மெல்ல வேலை நடக்கும். காலையில் காளான்.

இந்த விளையாட்டின் தொடக்கம் இங்கிலாந்தில். 1989-இல் பூல் என்ற கடற்கரை ஊரில், தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில், மோ கான்ஸ்டன்டைன் என்பவர் குளியல் தொட்டியில் போடுகிற நுரைக்கும் உருண்டையைச் செய்தார். தண்ணீரில் கரைகிற வயிற்று மாத்திரையைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாம். பின்னாளில் லஷ் கம்பெனியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். தொட்டி இல்லாமல் ஷவரில் நின்று குளிப்பவர்களுக்காக அதே கலவை தரையில் வைக்கிற மாத்திரையானது. ஷவரும் இல்லாமல் வாளியும் குவளையுமாகக் குளிக்கிற நமக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் மாத்திரை நிற்கட்டும்.

நான் போடுகிற அளவு இது: ஆப்ப சோடா 200 கிராம், சிட்ரிக் அமிலம் 100 கிராம், கார்ன்ஃப்ளவர் 50 கிராம். யூகலிப்டஸ் தைலம் 5 மில்லி, புதினா உப்பு 4 கிராம். கைக்கு அடங்கின மாத்திரையாக ஆறு வரும். சிட்ரிக் அமிலத்தை மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். கொரகொரப்பாக இருந்தால் மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள். ஜாரை ஈரம் போகத் துடைத்த பிறகு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு. அந்தத் தூள் மூக்கில் ஏறினால் மிளகாய் வறுத்த மாதிரிதான்.

கணக்குப் பார்த்தால் 100 கிராம் அமிலத்தைத் தீர்க்க 130 கிராம் சோடா போதும். மிச்சம் எழுபது கிராம் எதற்கு என்று என் மாணவிகள் கேட்டிருப்பார்கள். அமிலம் துளிகூட மிஞ்சக் கூடாது. ஈரக் காலில் பட்டால் எரியும். சோடா மிஞ்சினால் ஒன்றும் ஆகாது, தரை கொஞ்சம் வழவழக்கும், அவ்வளவே. கார்ன்ஃப்ளவர் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து நுரைக்கும் வேகத்தைக் குறைக்கிறது. அது இல்லாவிட்டால் நீங்கள் சோப்பை எடுப்பதற்குள் மாத்திரை கரைந்து போயிருக்கும். ஆப்ப சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதற்குள் ஏற்கெனவே ஓர் அமிலம் இருக்கிறது, கணக்கு கெட்டுவிடும்.

புதினா உப்பு என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பது மெந்தால்தான். ஊசி ஊசியாக, கண்ணாடி மாதிரி இருக்கும். ஏறக்குறைய 42 டிகிரியில் உருகிவிடும், அக்னி நட்சத்திரத்தில் சம்படத்துக்குள்ளேயே பிசுபிசுக்கும். அதைத் தனியாக உருக்கப் போகாதீர்கள். கண் திறக்க முடியாது. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் யூகலிப்டஸ் தைலத்தை ஊற்றி, உப்பை அதில் போட்டு, மூடி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தானே கரைந்துவிடும். அந்த எண்ணெயை மாவில் விட்டுக் கையுறையோடு பிசிறுங்கள்.

இப்போது பதம். வீடியோக்காரர்கள் "ஈர மணல்" என்கிறார்கள். அதை நம்பித்தான் நீங்களும் ஏமாந்தீர்கள், நானும் ஏமாந்தேன். நமக்கு அதைவிடத் துல்லியமான அளவுகோல் ஒன்று உண்டு. புட்டுக்கு மாவு விரவுகிறோம் அல்லவா? கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதே பதம். எங்கள் பாட்டி புட்டு மாவுக்கு உப்புத் தண்ணீரைக் கொட்ட மாட்டாள், விரல் நுனியால் தெளிப்பாள். இங்கே அதையும்விடக் கஞ்சத்தனம் வேண்டும். பெரும்பாலான நாட்களில் தைலத்தின் ஈரமே போதுமானதாக இருக்கும். போதாவிட்டால் தண்ணீரைத் தொடாமல் மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை அரை டீஸ்பூன் தெளியுங்கள். தண்ணீர் அளவுக்கு அது நுரையைக் கிளப்பாது, சீக்கிரம் ஆவியாகியும் விடும். தெளிக்கும்போது அடுப்பு எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மாவில் எங்காவது "உஸ்" என்று சத்தம் கேட்டால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். காதையும் கொஞ்சம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

அச்சுக்கு சிலிக்கோன் ஐஸ் தட்டு நல்லது. மினி இட்லித் தட்டில் போடலாமா என்று நானும் யோசித்தேன். அலுமினியத் தட்டாக இருந்தால் வேண்டவே வேண்டாம், அமிலம் அதை அரிக்கும். எவர்சில்வர் என்றாலும் மெந்தால் வாசனை ஏறிய தட்டில் மறுநாள் இட்லி ஊற்றிப் பாருங்கள், வீட்டில் உங்களுக்குக் கிடைக்கும் மரியாதை தெரியும். மாவைக் கட்டை விரலால் கெட்டியாக அழுத்தி நிரப்புங்கள். ஏ.சி. இருக்கும் அறையில் இரவு முழுக்க வைத்தால் அந்தக் காற்றின் வறட்சிக்கு இறுகிவிடும். ஏ.சி. இல்லையென்றால் மழை விட்ட நாளாகப் பார்த்துச் செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நீலகிரித் தைலம் என்று எழுதாமல் யூகலிப்டஸ் என்றே எழுதிக்கொண்டு போகிறேனே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்தது குன்னூரில். அந்த மரம் நீலகிரியின் மரம் அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து 1840-களில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. குளிருக்கு விறகு வேண்டும், சோலைகள் அழிந்துகொண்டிருந்தன, சீக்கிரம் வளர்கிற மரமாகத் தேடி இதைக் கண்டுபிடித்தார்கள். சோலையும் புல்வெளியும் இருந்த சரிவுகளை அது பிடித்துக்கொண்டது. பெயரில் மட்டும் தைலம் ஊர்க்காரனாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தைலம் காய்ச்சுகிற கொட்டகை ஒன்று இருந்தது. பெரிய செம்புப் பானையில் இலையைத் திணித்து, தண்ணீர் விட்டு, அடியில் காய்ந்த இலையையே எரிப்பார்கள். இலையின் எண்ணெய் கொதிக்க 170 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் நீராவி நூறு டிகிரிக்குள்ளேயே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு குழாய் வழியாக வந்துவிடும். குளிர்ந்ததும் எண்ணெய் தனியே மிதக்கும். மேலே மிதப்பதை வழித்து எடுப்பார்கள். பக்கத்தில் நின்றால் கண்ணில் நீர் வரும், போக மனம் வராது.

உங்கள் குளியலறையில் நடப்பதும் அந்தக் கொட்டகை வேலையின் சின்ன நகல்தான். வெந்நீர் ஆவி எண்ணெயை ஏற்றிக்கொண்டு உங்கள் மூக்குவரை வருகிறது. நுரை வெறும் வண்டி. பார்க்க அழகாக இருக்கிறது, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து விடுகிறது. வேலை செய்வது வெந்நீர். ஆகவே பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்கள் இதைச் செய்வது வீண்.

வாளிக் குளியலுக்கு வருகிறேன். மாத்திரையை வாளிக்குள் போடாதீர்கள். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். முதல் குவளையிலேயே அது அப்படியே முகத்திலும் கண்ணிலும், சொல்லக் கூச்சப்படுகிற இடங்களிலும் போய் ஒட்டும். மெந்தால் அங்கெல்லாம் சும்மா இருக்காது. ஒரு மூலையில், தண்ணீர் போகும் வழிக்குச் சற்றுத் தள்ளி, பழைய சோப்பு டப்பாவில் மாத்திரையை வையுங்கள். கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்தி, நல்ல சூட்டில் கால் குவளை வெந்நீரை அதன்மேல் விடுங்கள். நாலைந்து குவளை குளித்த பிறகு இன்னும் கால் குவளை. ஷவர் இருந்தால் நேர்த் தாரைக்குக் கீழே வைக்காமல் சிதறல் படுகிற தூரத்தில் வைத்தால் போதும். எப்படியானாலும் பத்து நிமிஷக் கூத்து. முடிந்ததும் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், வழுக்கும்.

நீங்கள் கடைசியில் கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். "இது சைனஸைச் சரிபண்ணுமா?" பண்ணாது. மெந்தால் நுகர்ந்ததும் மூக்கு திறந்துகொண்ட மாதிரி இருக்கிறதே, அது மூளைக்குக் கிடைக்கும் குளிர்ச்சிச் செய்தி. நம் நரம்பு நுனிகளில் குளிரை உணரும் வாயில் ஒன்று இருக்கிறது. மெந்தால் அந்த வாயிலைக் குளிர் இல்லாமலேயே தட்டித் திறக்கிறது. 2002-இல் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படாபூட்டியனும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். சூடு, குளிர், தொடுகை ஆகியவற்றை உடம்பு உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2021-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. மூக்கில் காற்று போகும் அளவை அளந்து பார்த்தால் மெந்தாலுக்கு முன்னும் பின்னும் பெரிய மாற்றம் இல்லை. வீக்கம் அப்படியேதான் இருக்கும். ஆனால் மூச்சு முட்டுகிறதே என்ற தவிப்பு பத்து நிமிஷம் விலகுவது சின்ன விஷயமா? எனக்கு அதுவே பெரிது. சளி பத்து நாளுக்கு மேல் நின்றாலோ, முகத்தில் வலியோடு காய்ச்சல் வந்தாலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள்.

எங்கள் பாட்டி நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு வேது பிடிக்க வைப்பாள். போர்வைக்குள் கொதிக்கிற அண்டா, எதிரில் அழுகிற குழந்தை. அண்டா சாய்ந்து வெந்துபோன பிள்ளைகள் எந்தத் தெருவில் இல்லை? 2021 கோடையில் கொரோனா இரண்டாம் அலையின்போது பொது இடங்களில்கூட ஆவி பிடிக்கும் எந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்படிப் பிடிக்க வேண்டாம் என்று அப்போதைய தமிழகச் சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே சொல்ல வேண்டி வந்தது. மாத்திரையில் எனக்குப் பிடித்தது, அதில் கொதிக்கிற அண்டா இல்லை என்பதுதான்.

ஆனாலும் சிலருக்கு இது ஆகவே ஆகாது. உங்கள் அக்கா குழந்தைக்கு ஒன்றரை வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழந்தை வந்திருக்கும் நாட்களில் குளியலறையில் மாத்திரை வைக்காதீர்கள். கைக்குழந்தைகளுக்கு மெந்தால் மூச்சையே ஒரு கணம் நிறுத்திவிடக்கூடும். வலிப்பு உள்ளவர்கள் யூகலிப்டஸையும் கற்பூரத்தையும் விட்டுத் தள்ளியிருக்க வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. வாசனைக்குப் பச்சைக் கற்பூரமும் சேர்க்கலாமே என்று உங்கள் மாமியார் சொன்னாராம். அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லி, வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சின்னத் துண்டு கற்பூரம் வயிற்றுக்குள் போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். இந்த மாத்திரையோ பார்ப்பதற்கு அசல் தேங்காய் பர்பி. இளஞ்சிவப்பு நிறம் வேறு போட்டிருக்கிறீர்கள்! அடுத்த முறை நிறமே வேண்டாம். மூடி இறுக்கமான சம்படத்தில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, சமையலறைக்கு வெளியே, கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். சுமார் இரண்டு மாதம்வரை வாசனை நிற்கும்.

பொங்கிப்போன அந்த ஆறையும் வீசிவிடாதீர்கள். நுரை போய்விட்டது, எண்ணெய் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. உதிர்த்து ஒரு டப்பாவில் போட்டு, வெந்நீர் போடும் நாளில் மூலையில் ஒரு பிடி வையுங்கள். மழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் அடித்ததும், காலையில் புட்டுக்கு மாவு விரவி முடித்த கையோடு, அந்தப் பதம் விரலில் மறக்காமல் இருக்கும்போதே, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பியுங்கள். படம் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வேதியியல் டீச்சர்