கடல் சரக்கைக் கையாளும் கைகளுக்கு ஒரு பாடம்



விலை, வரி, லைசென்ஸ் என்று நம் இதழில் எத்தனையோ பாடங்கள் வந்துவிட்டன. சரக்கை எடுத்துக் கொடுக்கும் கையைப் பற்றியும் ஒரு பாடம் வேண்டும் என்று நெடுநாளாக எனக்கு எண்ணம். தூத்துக்குடியில் சங்கு, சிப்பி மொத்த வியாபாரம் செய்பவன் நான். சில ஆண்டுகள் உப்புநீர் வண்ண மீன்களையும் தொட்டியில் வைத்திருந்து சென்னை கொளத்தூர்க் கடைகளுக்கு அனுப்பி வந்தேன். அதில் என் விரல் பட்ட பாட்டைச் சொன்னால் பிறருக்கு உதவும் என்று இதை எழுதலானேன்.

முதலில் முள் குத்து

மன்னார் வளைகுடாவில் திருக்கை, கெளுறு, ஓரா, சிங்க மீன், கல்மீன் எல்லாம் உண்டு. இவற்றின் முள்ளில் விஷம் இருக்கிறது. மீன் செத்தால் விஷமும் செத்தது என்று எண்ணுவது தவறு. ஐஸ் பெட்டியில் கிடக்கும் கெளுறும் குத்தினால் கடுக்கும். 2006-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஸ்டீவ் இர்வின் என்ற புகழ்பெற்ற விலங்கு நிபுணர், திருக்கை முள் மார்பில் பாய்ந்து இறந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

குத்தியதும் சிலர் ஐஸ் வைக்கிறார்கள்; சிலர் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். இரண்டும் வேண்டாம். மீன் விஷம் ஒருவகைப் புரதம். சூட்டில் அது கெடும். ஆகவே கையை நன்றாகக் கழுவி, சுமார் 45 டிகிரி செல்சியஸ் சூடுள்ள வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை வைத்திருக்க வேண்டும். வலி இறங்கும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. நல்ல கையை விட்டுப் பார்த்த பிறகே அதை வைக்கவும். இல்லாவிட்டால் முள் குத்தோடு தீப்புண்ணும் சேரும். முள் ஆழமாக இறங்கியிருந்தாலும், முறிந்து உள்ளே நின்றாலும் நோண்டாமல் மருத்துவரிடம் போக வேண்டும். டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

சொறி பட்டால் மணலால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. ஒட்டியிருக்கும் இழைகளில் வெடிக்காத விஷப் பைகள் இன்னும் இருக்கும். தேய்த்தால் அவையும் வெடிக்கும். கடல் நீரால் அலசி, இழைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும்.

சங்கு, சிப்பி வியாபாரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கூம்பு வடிவில் அழகான கோலம் போட்ட சிப்பி உயிரோடு வந்தால் கையில் எடுக்காதீர்கள். அதற்குள் இருக்கும் பூச்சி விஷ ஊசியால் குத்தும். அவ்வகையில் சில, ஆளையே கொல்லக் கூடியவை. அதற்கு மாற்று மருந்து கிடையாது.

பிறகு வரும் புண்

முள் குத்து உடனே தெரியும். எனக்கு வந்தது உடனே தெரியாதது. தொட்டி கழுவும்போது வலது ஆள்காட்டி விரல் கல்லில் உரசியது. சின்னக் கீறல், ஆறிவிட்டது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் சிவந்த கட்டி எழும்பியது. வலி அதிகமில்லை. மருத்துவர், "என்ன தொழில்?" என்று கேட்டார். "வியாபாரம்" என்றேன். களிம்பு கொடுத்தார். கட்டி கரையவில்லை, புறங்கையில் இன்னும் இரண்டு எழும்பின. இப்படியே இரண்டு மாதம் போயிற்று. மறுபடி போனபோது என் மனைவியும் உடன் வந்தாள். "இவுக தினமும் மீன் தொட்டிக்குள்ள கைய விட்டுட்டுத்தான் இருக்காக, டாக்டர்" என்றாள். அதைக் கேட்டதுமே சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்.

வந்திருந்தது மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் கிருமி. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. 1926-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா மீன் காட்சியகத்து உப்புநீர் மீன்களில் இதைக் கண்டறிந்தார்கள். சுமார் 30 டிகிரிச் சூட்டில்தான் இது நன்றாக வளரும். ஆகவேதான் உடம்பின் உட்பகுதியை விட்டு, சூடு குறைந்த கைவிரல்களைப் பிடிக்கிறது. சாதாரணமாக ஆளுக்கு ஆள் தொற்றாது. மாத்திரையால் குணமாகும், ஆனால் பல மாதம் சாப்பிட வேண்டும். நான் நான்கு மாதத்துக்கு மேல் சாப்பிட்டேன். நோட்டு எண்ணும் அந்த விரல் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. மருத்துவர் மேல் குற்றமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவன் நான்.

கடையில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கையில் கீறல் இருந்தால் தொட்டியிலும் மீன் பெட்டியிலும் கை விடக் கூடாது. தொட்டி கழுவ முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை போடவும். முள்ளை அது தடுக்காது. முள் மீனுக்கு வலையும் இடுக்கியும்தான்.

2. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

3. கடையில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் எப்போதும் இருக்கட்டும்.

4. சர்க்கரை நோய், ஈரல் நோய் உள்ளவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கடல் நீர் பட்ட புண் ஓரிரு நாளில் சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்தால் அது விப்ரியோ என்ற கிருமியாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

5. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கியவை. அவற்றை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

6. மருத்துவரிடம் "வியாபாரம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன சரக்கு, எதில் கை பட்டது, எத்தனை வாரம் ஆயிற்று என்பதைச் சொல்லுங்கள்.

நம்மிடம் பெட்டி பிரிக்கிற, மீன் தரம் பிரிக்கிற ஆண்களும் பெண்களும் சின்னக் கீறலுக்கு முதலாளியிடம் வந்து சொல்லக் கூச்சப்படுவார்கள். நாமாகக் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தை அவர்களுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.