தொட்டிக் கெளுத்தியின் நோயும் பரிகாரமும்

அலங்கார மீன் வளர்ப்பை உபதொழிலாகக் கொண்ட அங்கத்தினர்கள், மீன் சோர்ந்ததும் மருந்தைத் தேடுதல் வேண்டா. முதலில் சோதிக்க வேண்டுவது நீரே.

தென் அமெரிக்கக் கோரிடோராஸ் கெளுத்தி இடையிடையே மேலே வந்து காற்றை விழுங்குவது அதன் இயல்பு, நோயன்று. ஓயாது வந்து திணறினால், நீரில் பிராணவாயு குறைந்தது அல்லது கழிவினால் அம்மோனியா மிகுந்தது எனச் சந்தேகிக்க. மீசை தேய்ந்திருப்பின் தொட்டியின் அடிமணலைச் சோதிக்க; அசுத்தமும் கூரிய கற்களும் மீசையைக் கெடுக்கும். மூன்றிலொரு பங்கு நீரை மாற்றி, காற்றுக் குழாயை இயக்கி, தீனியைக் குறைத்தலே முதற் பரிகாரம். புதுநீர் குளோரின் நீங்கியதாயும் பழைய நீரையொத்த வெப்பமுடையதாயும் இருத்தல் வேண்டும்.

உப்புத்தூள் தூவியதுபோல் உடலில் வெண்புள்ளிகள் தோன்றினால் அஃது ஒட்டுண்ணி நோய். தோலினுள் உள்ள ஒட்டுண்ணியை மருந்து தீண்டாது. அதன் குஞ்சுகள் நீரில் நீந்தும்போதே அழியும். ஆகவே புள்ளி மறைந்தவுடன் சிகிச்சையை நிறுத்தலாகாது. நீரைச் சிறிது சிறிதாக 28 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால் ஒட்டுண்ணி விரைவில் வெளிப்படும். வெந்நீரில் பிராணவாயு குறையுமாதலால் காற்றுக் குழாய் ஓயாது இயங்குக.

செதிளற்ற கெளுத்தியை மருந்து எளிதில் தாக்கும். குறித்த அளவில் பாதியிலிருந்து தொடங்குக. தாமிரம் கலந்த மருந்தை விலக்குக. புதிய மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்தால், முதலிட்ட பணமும் பட்ட பாடும் வீணாகா.