ஆராய்ச்சியின் பயனை எப்படி அளப்பது?

"ஆராய்ச்சிக்கென்று அரசாங்கம் காசைக் கொட்டுது. அதால நமக்கென்ன பிரயோசனம், மகள்?"

உயர்தரத்திற்குப் பிறகு விவசாய விஞ்ஞானம் படிக்கப் போகிறேன் என்றபோது வாப்பா கேட்ட கேள்வி இது. அன்று அவர் கையில் இருந்தது பிஜி 300 விதைநெல். 'பிஜி' என்பது குருநாகல் மாவட்டத்திலுள்ள பத்தலகொடயைக் குறிக்கும். அங்குள்ள அரச நெல் ஆராய்ச்சி நிலையம் மக்களின் வரிப்பணத்தில் இயங்குகிறது. வாப்பாவின் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் செலவைக் கணக்கிட வேண்டும். வெற்றி பெற்ற இனத்துக்கான செலவு மட்டும் போதாது. கைவிடப்பட்ட இனங்கள், சம்பளம், பல வருடக் காத்திருப்பு எல்லாம் அதில் சேரும்.

அடுத்தது பயன். புதிய இனத்தால் ஏக்கருக்கு 10 மூட்டை கூடியது என்று வைத்துக்கொள்வோம். அதில் 6 மூட்டை உரத்தாலும் நீராலும் வந்திருந்தால், இனத்தின் பங்கு 4 மூட்டைதான். ஆகவே, "இந்த இனம் இல்லாதிருந்தால் என்ன விளைந்திருக்கும்?" என்று கேட்பதே சரியான அளவுகோல். பழைய இனத்தையும் புதிய இனத்தையும் ஒரே மண்ணில், ஒரே நீரிலும் உரத்திலும் பயிரிட்டு ஒப்பிட்டால் விடை கிடைக்கும்.

பத்தலகொடயில் உருவான எச் 4 நெல் வெளியான அதே 1958 இல், அமெரிக்கப் பொருளியலாளர் ஸ்வி கிரிலிகஸ் கலப்பினச் சோளத்துக்கு இப்படியொரு கணக்குப் போட்டார். அரசும் தனியாரும் ஆராய்ச்சிக்குச் செலவிட்ட ஒவ்வொரு டொலருக்கும், வட்டியையும் சேர்த்துப் பார்த்தபின், ஆண்டுதோறும் ஏறத்தாழ ஏழு டொலர் பயன் கிடைத்ததாகக் கண்டார். ஆனால் இது வெற்றி பெற்ற ஓர் ஆராய்ச்சியின் கணக்கு மட்டுமே. எல்லா ஆராய்ச்சியும் இவ்வளவு தரும் என்று எண்ணக்கூடாது என அவரே எச்சரித்தார்.

பணத்தில் அடங்காத பயனும் உண்டு. மூன்று மாதத்தில் விளையும் நெல், குளத்து நீர் வற்றுமுன் அறுவடைக்கு வந்துவிடும். விளைச்சல் பெருகி அரிசி விலை குறைந்தால் வயலே இல்லாத வீட்டுக்கும் நன்மை. அதே விலைவீழ்ச்சி விவசாயியின் இலாபத்தைக் குறைக்கவும் கூடும். யாருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காத கணக்கு முழுமையாகாது.

இவற்றைச் சொன்னபோது வாப்பா சற்று யோசித்துவிட்டு, "அப்ப சரிவராத விதையையும் கணக்கில சேர்க்கணும்" என்றார். என் படிப்புக்கு அவர் இன்னும் முழுச் சம்மதம் தரவில்லை. ஆனால் பக்கத்து வயல்காரருக்கு 'பிஜி' என்றால் என்னவென்று இப்போது அவரே விளக்குகிறார்.