பிரசவ விடுப்பு: கணக்குப் போட்டுப் பார்ப்போம்



நம் கடைகளில் பில் போடவும், பொட்டலம் கட்டவும், தானியம் சுத்தம் செய்யவும் பெண்கள் பலர் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் கர்ப்பமானால், "வீட்டில் இரும்மா, பிறகு பார்க்கலாம்" என்று கணக்கு முடித்து அனுப்புவது நம்மில் பலரது வழக்கம். நாமும் அப்படிச் செய்தவர்தாம். ஆறு வருடம் பில் போட்ட பெண்ணை அனுப்பிவிட்டு, பற்று வரவு பாக்கிகளைச் சரிசெய்ய நாலு மாதம் திண்டாடினோம். அவர் திரும்பி வரவில்லை. அடுத்த தெருக் கடையில் சேர்ந்துவிட்டார். நாம் செய்தது சட்டப்படியும் தவறு என்பது பிறகே தெரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வார விடுப்புத் தந்தது. 2017இல் அது 26 வாரமானது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை தொடர்கிறது. முக்கிய விவரங்கள்:

1. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளுக்கு இது பொருந்தும். ஆண், பெண் இருவரும் கணக்கில் சேர்வார்கள். கடந்த 12 மாதங்களில் ஏதேனும் ஒரு நாள் பத்துப் பேர் இருந்தாலே போதும். தீபாவளிக்குக் கூடுதலாக ஆள் போடுவோர் கவனிக்கவும்.

2. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும்.

3. முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம். அதற்கு மேல் 12 வாரம். கருச்சிதைவுக்கு 6 வாரம்.

4. விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது. கடைசி பத்து வாரங்களில் அவர் கேட்டுக்கொண்டால், நெடுநேரம் நிற்கும் வேலை தரக் கூடாது.

பணம் யார் கொடுப்பது?

இங்கேதான் நம்மவர்கள் பயப்படுகிறார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோர் இ.எஸ்.ஐ.யில் சேர்வார்கள். நம் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு நாம் கட்டுவது மாதம் 390 ரூபாய். ஒழுங்காகச் சந்தா கட்டியிருந்தால் 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கொடுத்துவிடும். ஆள் கணக்கை மறைத்து ஒன்பது என்று எழுதியவர் பிடிபட்டால், நாளொன்றுக்கு 400 ரூபாய் வீதம் 182 நாளுக்கு 72,800 ரூபாயைத் தம் கல்லாவிலிருந்து எடுத்து வைக்க நேரிடலாம். கர்ப்பம் தெரிந்தபின் அவசரமாகப் பதிவு செய்தால் பலன் கிடைக்காமல் போகலாம். சந்தா முன்பே கட்டியிருக்க வேண்டும்.

சின்னக் கடைக்காரர்கள்

பத்துப் பேருக்குக் குறைந்த கடைகளை இந்த விதி கட்டாயப்படுத்தாது. ஆனாலும் ஏழைத் தாய்மாருக்கு 18,000 ரூபாய் வரை உதவும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் சேர, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழிகாட்டலாம். மனைவியின் பிரசவத்துக்குத் தனியார் கடை ஊழியருக்குச் சட்டப்படி சம்பள விடுப்பு இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. மூட்டை தூக்கும் தம்பிக்கு நாலு நாளாவது சம்பளத்துடன் கொடுத்தால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

சரக்கு போனால் மறுபடி கொள்முதல் செய்யலாம். வாடிக்கையாளரின் முகமும் பாக்கியும் அறிந்த ஆளை எந்த மண்டியில் வாங்குவது? இந்த வாரமே வருகைப் பதிவேட்டை எடுத்து ஆட்களை எண்ணிப் பாருங்கள்.