பரம்பரையா? சூழ்நிலையா?

உடல் முழுவதும் வலி; உறங்கி எழுந்தாலும் தீராத சோர்வு. ஆனால் இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரே படத்திலும் குறை ஒன்றும் தெரிவதில்லை. இந்நோயின் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. ஆண்களைவிடப் பெண்களிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது. இது எதனால் வருகிறது என்பதை அறிவோமா?

முதலில் பரம்பரை. அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், முடக்குவாத நோயாளிகளின் நெருங்கிய உறவினரைவிட, இந்நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 8 மடங்கு எனக் கண்டனர். ஆயினும் இதற்கெனத் தனியொரு ஜீன் இல்லை. பல ஜீன்கள் சிறிது சிறிதாகப் பங்கு கொள்கின்றன.

அடுத்தது சூழ்நிலை. விபத்து, கிருமித் தொற்று, நீண்ட நாள் மனவேதனை ஆகியவற்றின் பின் சிலருக்கு நோய் தொடங்குகிறது. விதை இருந்தாலும் ஈரம் பட்டால்தானே முளைக்கும்?

வானொலியின் ஒலியைக் கூட்டி வைத்தாற்போல், மூளையும் தண்டுவடமும் சிறு வலியையும் பெரிதாக்கி உணர்த்துகின்றன. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததன் காரணம் இதுவே. வலியால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் வலி மேலும் கூடுகிறது.

பரம்பரையை நாம் மாற்ற இயலாது. ஆனால் அளவான உடற்பயிற்சியும் நல்ல உறக்கமும் பலருக்கு வலியைக் குறைக்கின்றன. "வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்னும் சுடுசொல்லோ மனவேதனையையே வளர்க்கும். நோயாளிகளைச் சந்திப்பது இரக்கச் செயல் என மறைக்கல்வி வகுப்பில் கற்கும் நாம், அவர்கள் சொல்லும் வலியை முதலில் நம்புவோம்.