ஈறு நோயும் கைவைத்தியமும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலிலுள்ள கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலை முறையில் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும் என விதிக்கிறது. அனுபவமும் உழைப்பும் ஒருங்கே அமைந்த அப்பருவத்தில்தான் ஈறு நோய் பலருடைய பற்களைப் பறிக்கிறது. 'வயதானால் பல் விழும்' என நாம் வாளாவிருந்து விடுகிறோம். வயது மட்டும் பல்லை விழச்செய்வதில்லை. கவனியாது விட்ட ஈறு நோயே பலருக்குக் காரணமாகிறது.

நோய் தோன்றும் விதம்

பல்லும் ஈறும் கூடுமிடத்தில் கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் படிகிறது. நாள்தோறும் துலக்கினால் அது அகலும். விட்டுவைத்தால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து இறுகிப் பற்காரை ஆகிவிடும். ஈறு சிவந்து வீங்கும். துலக்கும்போது இரத்தம் கசியும். இம்முதல் நிலையில் நோயை முற்றிலும் குணப்படுத்தலாம். அசட்டையாக இருந்தால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, பல் ஆடத் தொடங்கும். கரைந்த எலும்பை எந்தக் கைவைத்தியமும் மீட்டுத் தராது.

வீட்டில் செய்யத்தக்கவை

1. காலையிலும், இரவு படுக்குமுன்னும் பல் துலக்குக. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று முன்னோர் போற்றினர், வேம்பும் நன்றே. பசுங்குச்சியின் நுனியை மென்று மென்மையான நாராக்கி, ஈற்றிலிருந்து பல்லின் நுனி நோக்கி மெதுவாகத் தேய்க்கவும். குறுக்காக அழுத்தித் தேய்த்தால் ஈறு புண்ணாகும்.

2. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளைக்கு இரண்டு மூன்று முறை கொப்பளிக்கவும். வீக்கமும் வலியும் தணியும்.

3. நல்லெண்ணெய் கொப்பளித்தல் படலத்தை ஓரளவு குறைக்கலாம். ஆயினும் அது துலக்குவதற்கு ஈடாகாது.

4. நெல்லி, கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றை உணவில் சேர்க்கவும். வைட்டமின் சி மிகக் குறைந்தாலும் ஈற்றில் இரத்தம் கசியும்.

தவிர்க்க வேண்டியவை

கரி, செங்கற்பொடி, மணல் ஆகியவை பல்லைத் தேய்த்து ஈற்றைக் கெடுக்கும். கிராம்புத் தைலத்தை நேராகத் தடவினால் ஈறு வெந்துவிடும். பீடியும் சிகரெட்டும் ஈற்றின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, கசிவை மறைத்து, நோயை உள்ளே வளர்க்கும். புகையிலை கலந்த பற்பொடியை இந்திய அரசு 1992-இல் தடைசெய்தது. வெற்றிலையுடன் புகையிலை மெல்லுதல் வாய்ப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும்.

மருத்துவரை நாடும் காலம்

இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் இரத்தம் நிற்காவிடினும், சீழ் வந்தாலும், பல் ஆடினாலும் அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரை நாடுக. இறுகிய காரையைக் குச்சியோ உப்போ அகற்றாது. மருத்துவரின் கருவியே அகற்றும். காரையை எடுத்தால் பல் ஆடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. நீரிழிவு உள்ளோருக்கு ஈறு நோய் விரைந்து முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுப்படாது. ஆகவே அவர்கள் இரண்டையும் சேர்த்தே கவனித்தல் வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

கிராம சபையில் இதை எடுத்துரைக்கலாம். பள்ளிச் சிறுவர்க்குத் துலக்கும் முறையைக் கற்பிக்கச் செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாயிலாகப் பல் பரிசோதனை முகாமுக்கு ஏற்பாடு செய்யலாம். குச்சியும் உப்பும் நம் கையில் உள்ளன. அவற்றால் இயலுவதைக் கிரமமாகச் செய்து, இயலாததை மருத்துவரிடம் காலத்தில் ஒப்படைத்தால், முதுமையிலும் நம் பல்லால் நாமே உண்ணலாம்.